கறுப்புத் துணியிலிருந்து கைப்பேசித் திரைக்கு: மறையூர்ப் பாறை ஓவியங்களை முன்வைத்து

மறையூர்க் காட்டில் ஓவியம் தீட்டப்பட்ட பாறைக் குடைவு ஒன்றை அப்பகுதி மக்கள் ‘எழுத்தளை’ என்று வழங்குகின்றனர். ஆவணங்களில் அது ‘எழுத்துக் குகை’ ஆகிவிட்டது. பழைய பெயரே துல்லியமானது. ‘அளை’ என்பது குகையைக் குறிக்கும் சங்ககாலச் சொல். மலையாளத்திலும் அது பொந்து என்ற பொருளில் உயிரோடு இருக்கிறது. ‘எழுத்து’ என்பதோ இங்கு ஓவியம். படத்தை ‘வரைதல்’ என்பதற்கு முன்பே ‘எழுதுதல்’ என்று சொன்ன மொழி இது. எழுத்து என்றவுடன் கல்வெட்டைத் தேடி அங்கு செல்பவர் ஏமாறுவார். அங்கிருப்பவை செங்காவியிலும் வெண்ணிறத்திலும் எழுதப்பட்ட விலங்குகளும் மனித உருவங்களும். ஒரு தலைமுறை எழுதியதன்மேல் மற்றொன்று எழுதியிருப்பதால் எது முந்தையது, எது பிந்தையது என்பதே முதற் சிக்கலாகிறது. அட்டளை எனப்படும் மற்றொரு தளத்திலும் இதே நிலைதான்.

இவ்வோவியங்களைப் பதிவுசெய்வதில் அண்மைக் காலத்தில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்துள்ளது. கேமராவின் பின்புறத்துச் சிறிய திரையை நம்பாமல், கைப்பேசியையோ டேப்லெட்டையோ கேமராவுடன் இணைத்துப் புறத்திரையாகப் பயன்படுத்தும் வழக்கம் களஆய்வு மாணவர்களிடையே பரவிவருகிறது. கருவிப் பட்டியலில் ஒரு வரியாக முடிந்துவிடக்கூடிய செய்தி இது. ஆயினும், எடுக்கப்படுவதற்கு முன் ஒரு படத்தைப் பார்க்கும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால், இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட முன்வரலாறு உண்டு.

அவ்வரலாற்றின் தமிழகத் தொடக்கம் லினியஸ் ட்ரைப். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட இந்த ராணுவ அதிகாரி, 1857 டிசம்பரில் பயணம் தொடங்கி ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அவருடைய பெரிய மரப்பெட்டிக் கேமராவின் பின்புறத்தில் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளி அதன்மேல் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும். வெளியொளி பட்டால் அம்மங்கிய பிம்பம் மறைந்துவிடும் என்பதால் கலைஞர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்ள வேண்டும். குவியமும் சட்டகமும் சரியானதும் கண்ணாடி இருந்த இடத்தில் மெழுகூட்டிய காகித எதிர்மறையைச் செருகுவார். அந்தக் கணமே பார்வை அடைபட்டுவிடும். படம் பதிவாகும்போது எவரும் பிம்பத்தைப் பார்ப்பதில்லை, கலைஞரும் பார்ப்பதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858இல் அவர் எடுத்த முறை இங்கு நினைவுகொள்ளத்தக்கது. கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒவ்வொரு நகர்வுக்கும் துணிக்குள் புகுந்து, முந்தைய படத்தின் விளிம்பும் புதிய படத்தின் விளிம்பும் பொருந்துகின்றனவா என்பதைத் தலைகீழ்ப் பிம்பத்தில், நினைவைக்கொண்டே சரிபார்த்திருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து பாறையின் முப்பரிமாண உருவை இன்று கணினியில் கட்டியெழுப்புவோர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். அன்று விளிம்பைச் சரிபார்த்தவை ஒரே மனிதரின் இரண்டு கண்கள் என்பதே வேறுபாடு. அருகில் நின்றிருக்கக்கூடிய கோயில் பணியாளருக்குக் கல்வெட்டு நன்றாகத் தெரிந்திருக்கலாம். அதன் படம் எப்படி விழுகிறது என்பதைத் துணிக்கு வெளியிலிருந்து அவர் அறிய வழியில்லை.

துணிக்கு உள்ளே, வெளியே என்ற இந்தப் பிரிவினை மனிதரைப் படமெடுத்தபோது கூர்மையடைந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும், எல். ஏ. கிருஷ்ண ஐயர் 1937 முதல் வெளியிட்ட திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் உயர்மலை மக்களான முதுவர் இடம்பெறுகின்றனர். அத்தகைய நூல்களின் படங்களில் மக்கள் நேராக நிற்கிறார்கள்; லென்ஸை நோக்குகிறார்கள். தாங்கள் எந்தச் சட்டகத்துக்குள் நிற்கிறோம், கால் வெட்டுப்படுகிறதா, பின்னால் குடிசை தெரிகிறதா என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பலர் அச்சிட்ட படத்தையும் பார்த்திருக்கமாட்டார்கள். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி 1920களின் தொடக்கத்தில் வடகனடாவில் தாம் எடுத்த படச்சுருளை அங்கேயே கழுவி இனுயிட் மக்களுக்குத் திரையிட்டுக் காட்டியது ஒரு விலக்கு. அதனால்தான் இனவரைவியல் திரைப்பட வரலாற்றில் அந்நிகழ்வு இன்றும் பேசப்படுகிறது. அங்கும் பார்த்தல் எடுத்ததற்குப் பின்பே நிகழ்ந்தது.

திரைப்படத் துறையும் துணியை விலக்கியது. ஜெர்மனியின் ஆர்னால்டு ரிக்டர் நிறுவனம் 1937இல் கொண்டுவந்த ஆரிஃப்ளெக்ஸ் 35 கேமராவில் சுழலும் கண்ணாடி மறைப்பான் இருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லென்ஸ் காண்பதை ஒளிப்பதிவாளரும் காணலாம். ஆனால் அவர் ஒருவர்தான், அதுவும் ஒற்றைக் கண்ணால். 1960இல் ‘தி பெல்பாய்’ படத்தை இயக்கி நடித்த ஜெர்ரி லூயிஸுக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று இருந்தது: கேமராவுக்கு முன்னால் நடிப்பவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்ப்பது எப்படி? திரைப்படக் கேமராவோடு ஒரு வீடியோ கேமராவையும் பொருத்தித் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்ப்பதே அவர் கண்ட வழி. நடிப்பவரே தம் சட்டகத்தைப் பார்த்துக்கொண்ட அந்த ஏற்பாடு பிற்காலத்தில் படப்பிடிப்புத் தளங்களின் இன்றியமையாத உறுப்பாயிற்று. தமிழ்ப் படப்பிடிப்பில் இன்று ‘மானிட்டர்’ என்றால் இயக்குநர் உட்காரும் இடம் என்றே பொருள்.

(மானிட்டர் என்ற சொல்லுக்குச் சென்னையோடு இன்னொரு பழைய உறவும் உண்டு. எழும்பூர் ராணுவ அநாதை விடுதியில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. அம்முறையில் பிற மாணவரைக் கண்காணித்துக் கற்பிக்கும் மாணவரே மானிட்டர். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை. படப்பிடிப்புத் திரையும் ஒருவகைச் சட்டாம்பிள்ளைதான்.)

மின்னணுக் காலத்தின் படிகளை விரைந்து கடக்கலாம். பின்புறத் திரையுள்ள காசியோ கியூவி-10 கேமரா 1995இல் விற்பனைக்கு வந்தது. வெப்கேம் போன்ற கருவிகள் எந்தத் தனி மென்பொருளும் இன்றி யுஎஸ்பி வழியே காட்சியை அனுப்புவதற்கான பொதுத் தரம் 2003இல் வகுக்கப்பட்டது. லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்எல்ஆர் கேமராவில் முழுநேர நேரலைக் காட்சியை ஒலிம்பஸ் இ-330 2006இல் தந்தது. கேனான் எஸ்எல்ஆர்களில் முதன்முதலாக வைஃபை உள்ளமைந்து வந்த 6டி 2012இல் அறிவிக்கப்பட்டது. இப்போது வழிகள் மூன்று. கேமரா தானே உருவாக்கும் வைஃபை இணைப்பில் கைப்பேசியைச் சேர்ப்பது ஒன்று. யுஎஸ்பி கம்பியால் நேரடியாக இணைத்துச் செயலி வழியே இயக்குவது மற்றொன்று. கேமராவின் எச்டிஎம்ஐ வெளியீட்டைக் ‘கேப்ச்சர் கார்டு’ எனப்படும் சிறு கருவி வழியே யுஎஸ்பி காட்சியாக மாற்றுவது மூன்றாவது. ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில் இது முன்பே இயன்றது. ஐபேடுகளில் 2023இல் வந்த ஐபேட்ஓஎஸ் 17க்குப் பிறகே இயன்றது. தனி மானிட்டர் வாங்க வசதியில்லாத ஆய்வு மாணவருக்குப் பையில் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசியே போதும் என்ற நிலை இவ்வாறு உருவானது.

மறையூர்க் குடைவுகள் போன்ற இடங்களில் இதன் பயன் என்ன? முதலில் இடநெருக்கடி. பாறைக் கூரை தாழ்ந்திருக்கும். ஓவியம் சில வேளை கூரையின் அடிப்பக்கத்திலேயே இருக்கும். கேமராவைத் தரையோடு வைத்து மேல்நோக்கித் திருப்பினால் அதன் பின்னால் தலையை வைக்க இடமிராது. அப்போது திரையைக் கேமராவிலிருந்து பிரித்து வெளியே கொண்டுவருவது வசதி என்பதைவிடத் தேவை என்பதே பொருந்தும். மங்கிய ஒளியில் நெடுநேரப் பதிவு வேண்டியிருக்கையில் கேமராவைத் தொடாமல் திரையிலிருந்தே இயக்கலாம், அதிர்வு இல்லை. குவியத்தைப் பெரிதாக்கிச் சரிபார்க்கலாம். வைஃபை இணைப்பு கேமராவுக்கும் கைப்பேசிக்கும் இடையிலானது மட்டுமே என்பதால், கோபுரத் தொடர்பு எட்டாத காட்டிலும் அது வேலை செய்யும்.

இதைவிட முக்கியமானது நிறம். எடக்கல் குகைச் செதுக்கல்களைப் பற்றி 1901இல் ‘இந்தியன் ஆன்டிகுவாரி’ இதழில் எழுதிய ஃபிரெட் ஃபாசெட் கண்டவை பாறையில் வெட்டிய கோடுகள்; பக்கவாட்டில் சாய்த்து ஒளி பாய்ச்சினால் அத்தகைய பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். மறையூரில் இருப்பது நிறமி. அதற்குப் பள்ளமும் இல்லை, நிழலும் இல்லை. மங்கிய செங்காவியைத் தெளிவாகக் காண ஓவியத்தின்மேல் நீர் தெளிப்பதும், சுண்ணக்கட்டியால் கோட்டைப் பின்பற்றி வரைவதும் பாறை ஓவியத் தளங்கள் பலவற்றில் நடந்திருக்கின்றன. இரண்டுமே ஓவியத்தைக் கெடுப்பவை. ஜான் ஹார்மன் 2005 வாக்கில் உருவாக்கிய ‘டிஸ்ட்ரெட்ச்’ மென்பொருள் இதற்கொரு மாற்று. செயற்கைக்கோள் படங்களுக்காக வகுக்கப்பட்ட நிறவிரிப்புக் கணக்கைப் பாறை ஓவியங்களுக்குப் பொருத்திய அது, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரு செந்நிறங்களை வெவ்வேறு நிறங்களாகப் பிரித்துக் காட்டும். கைப்பேசிச் செயலியாகவும் கிடைப்பதால், எடுத்த படத்தைப் பாறையின் முன் நின்றபடியே விரித்துப் பார்க்கலாம். ஊருக்குத் திரும்பிக் கணினியில் திறந்தபின் ‘இங்கு இன்னொரு மான் இருந்திருக்கிறதே’ என்று வருந்த வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையன்று. கைப்பேசித் திரை நிறங்களைக் கண்ணைக் கவரும்படி மிகைப்படுத்தும். தானியங்கி ஒளிர்வும் இரவு நேர மஞ்சள் சாயலும் சேர்ந்தால் செங்காவி ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு நிறமாகத் தெரியும். திரையைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிப்பது ஆபத்து. சட்டகத்தின் ஓரத்தில் நிற அளவுப் பட்டையை வைத்து, கேமராவின் மூலக் கோப்பையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். வைஃபை காட்சி சற்றுத் தாமதித்தே வரும். பாறை நகராது என்பதால் அது பொருட்டில்லை; அதே ஏற்பாட்டைக்கொண்டு முதுவர் குடியின் ஆட்டத்தைப் பதிவுசெய்ய முயல்பவர் ஒவ்வோர் அடியையும் தவறவிடுவார். குடைவுக்கு வெளியே வெயிலில் திரையில் எதுவுமே தெரியாது. அப்போது களத்தில் இருப்போர் துண்டையோ போர்வையையோ தலைமேல் இழுத்துக்கொள்கிறார்கள். ட்ரைப்பின் கறுப்புத் துணி வேறு வடிவில் திரும்பிவிட்டது.

ஆயினும் அதற்குள் இப்போது ஒருவருக்கு மேல் நுழையலாம். மறையூர், காந்தளூர்ப் பகுதியில் காட்டுக்குள் வழிகாட்டுவோர் பெரும்பாலும் முதுவர் அல்லது மலைப்புலையர். எந்த மாதத்தில் எந்தக் குடைவுக்குள் ஈரம் இறங்கும், எந்த உருவத்தை முன்னோர் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பவற்றை அறிந்தவர்கள் அவர்கள். பத்து அங்குலத் திரை பாறையின் முன் இருக்கும்போது, படம் எடுக்கப்படுவதற்கு முன்பே அவர்கள் சட்டகத்தைப் பார்க்கிறார்கள். ‘இடப்பக்கம் இன்னும் இருக்கிறது’ என்று சொல்ல முடியும். ‘இதை எடுக்க வேண்டாம்’ என்றும் சொல்ல முடியும். இரண்டாவது கூற்றுக்கு ஆய்வாளர் செவிசாய்ப்பாரா என்பது கருவியைச் சார்ந்ததன்று. கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் ஒன்றே போதும் என்று கருதும் ஆய்வுமுறை, எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்பதைத் தருபவர் பார்த்தாரா என்று கேட்பதே இல்லை. தர்ஸ்டன் காலத்து வழிகாட்டிக்கு அக்கேள்வியை எழுப்பும் வாய்ப்பே கிடையாது. இன்றைய வழிகாட்டிக்கு உண்டு; ஆனால் ஆய்வேடுகளின் நன்றியுரையில் அவர் பெயர் வருவதோடு சரி. அவர் சட்டகத்தைத் திருத்திய படம் எது என்ற குறிப்பு படப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும்.

கைப்பேசியோடு சேர்ந்து வரும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இடங்காட்டி இல்லாத கேமராக்களுக்குக்கூட, இணைக்கப்பட்ட கைப்பேசிச் செயலி தன் இருப்பிடக் குறியீட்டை வழங்கி ஒவ்வொரு படத்திலும் பதியச் செய்யக்கூடும். களஆய்வுக்கு அது வரம். அதே படம் குறியீடு நீக்கப்படாமல் பொதுவெளிக்குப் போனால், காட்டுக்குள் மறைந்திருந்த குடைவுக்கு அதுவே வழிகாட்டிப் பலகை. மறையூரின் முனியறைகள் எளிதில் சென்றடையக்கூடிய இடங்களில் எந்த அளவு சிதைந்துள்ளன என்பதை அங்கு சென்றவர் அறிவர்; பாறை ஓவியங்களின்மேல் பெயர் கிறுக்குவோருக்கும் குறைவில்லை. சந்தனக் காடு வேறு காவலில் இருக்கிறது. ஆகவே காட்டு எல்லையில் அனுமதிச் சீட்டைக் காட்டும்போதே செயலியின் இருப்பிடப் பகிர்வை நிறுத்திவிட்டு, தளத்தின் அமைவிடத்தைக் களக்குறிப்பேட்டில் கையால் எழுதிக்கொள்வது நல்லது. அக்குறிப்பேடு யாரிடம் இருக்க வேண்டும் என்பதை வழிகாட்டியோடும் குடிப் பெரியவர்களோடும் பேசி, முதல் படத்தை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யலாம்.