உதட்டை மட்டும் அசை

1984-ம் வருடம். நான் வேலை பார்த்த பள்ளியில் ஆண்டு விழா. பாட்டு வாத்தியார் பணியிடம் காலியாக இருந்ததால், சேர்ந்திசைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பு கணக்கு வாத்தியாரான என் தலையில் விழுந்தது. எனக்குப் பாட்டு கேட்கத் தெரியும், சொல்லித்தரத் தெரியாது. ஆறாம் வகுப்பில் முப்பது பேரை நிறுத்திப் பாட வைத்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு பையன் மட்டும் எந்தச் சுருதியிலும் சேராமல் உரக்கப் பாடினான். நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் அவனைத் தனியே கூப்பிட்டு, "நீ சத்தம் போடாதே, உதட்டை மட்டும் அசை" என்றேன். "சரிங்க சார்" என்று போய் நின்றுகொண்டான். விழா நன்றாக நடந்தது. நானும் மறந்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன் என் மருமகன் ஒரு பழைய ஒலிப்பதிவைக் கேட்கச் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதும் அந்தப் பையன் நினைவுக்கு வந்துவிட்டான். அந்த ஒலிப்பதிவின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

கனடாவின் மேற்கு ஓரத்தில் வான்கூவர் நகரம். அதற்குக் கிழக்கே ஃபிரேசர் ஆற்றுச் சமவெளியில் லாங்லி என்ற வட்டாரம். 1970-களில் அங்கே பெரும்பாலும் பண்ணைகளும் சிறு ஊர்களும்தான். அங்குள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு ஹான்ஸ் ஃபெங்கர் என்ற இளைஞர் இசை ஆசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். குழந்தைகளுக்கு இசை எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்ற முறையெல்லாம் தனக்குத் தெரியாது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

தெரியாததால் அவர் ஒரு காரியம் செய்தார். 'குழந்தைப் பாட்டு' என்று பள்ளிகளில் வழக்கமாகச் சொல்லித்தரும் ஆட்டுக்குட்டி, வாத்துப் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, அன்று வானொலியில் ஒலித்த பாப் பாட்டுகளைக் கொண்டுவந்தார். பீச் பாய்ஸ், பால் மெக்கார்ட்னி, டேவிட் போவி, ஈகிள்ஸ், ஃப்ளீட்வுட் மேக். இவை பெரியவர்களின் பாட்டுகள். பிரிவு, தனிமை, கிடைக்காத காதல் எல்லாம் அவற்றில் உண்டு. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று நாம் கேட்போம். பிள்ளைகள் அப்படிக் கேட்கவில்லை. கொஞ்சலான பாட்டுகள் அவர்களுக்குப் பிடிக்கவே இல்லை, சோகமும் தனிமையும் உள்ள பாட்டுகளைத்தான் விரும்பிப் பாடினார்கள் என்று ஃபெங்கர் எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் நமக்கும் அப்படித்தானே? பத்து வயதில் நாம் முணுமுணுத்தது சோகப் பாட்டுகளைத்தான். பொருள் புரிந்தா பாடினோம்?

சரி, வாத்தியமே பழகாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அத்தனை பாட்டுகளுக்கு வாசிக்க வைப்பது எப்படி? இங்கே நாம் கொஞ்சம் பின்னோக்கி ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

'கார்மினா புரானா' என்ற படைப்பால் உலகப் புகழ் பெற்ற கார்ல் ஓர்ஃப், 1924-ல் டொரோதே குந்தர் என்ற பெண்மணியோடு சேர்ந்து மியூனிக் நகரில் இசைக்கும் நடனத்துக்குமாக ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே பயன்படுத்த எளிய தட்டு வாத்தியங்களைக் கார்ல் மேண்ட்லர் என்ற வாத்தியக் கைவினைஞர் செய்துகொடுத்தார். மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கியது சைலஃபோன். உலோகப் பட்டைகளை அடுக்கியது மெட்டலஃபோன். இரண்டுக்கும் சிறு சுத்தியல் போன்ற குச்சி. போர் முடிந்த பின், 1948-ல் ஓர்ஃபும் அவருடைய மாணவியாக இருந்து உடன் பணியாற்றிய குனில்ட் கீட்மனும் பவேரிய வானொலியில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். அதன் பிறகே இந்த முறை நாடு நாடாகப் பரவியது. 1950-களில் டொராண்டோவைச் சேர்ந்த டோரீன் ஹால் என்ற ஆசிரியை இதைக் கனடாவுக்குக் கொண்டுவந்தார்.

இந்த வாத்தியத்தில் ஒரு வசதி உண்டு. கட்டைகளைக் கழற்றலாம். ஒரு பாட்டுக்கு ஐந்து ஸ்வரங்கள்தான் வேண்டும் என்றால் மற்றவற்றை எடுத்துவிடலாம். பிறகு பிள்ளை எங்கே தட்டினாலும் அது தப்பான ஸ்வரமாகாது. கற்றுத்தரும் முறையும் அப்படியே. ஒருவன் இரண்டே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பத் தட்டுவான். நம் தம்புராவின் ஸ-ப போல. அடுத்தவள் நாலு தட்டில் முடியும் ஒரு சின்னத் துணுக்கை விடாமல் வாசிப்பாள். மூன்றாமவனுக்கு ஜால்ராவை ஓரிடத்தில் மோத வேண்டிய வேலை மட்டும். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்தால் பெரிய இசை. சுலபமான வேலை உண்டு, வேலை இல்லாத பிள்ளை இல்லை. கணக்கு வாத்தியாரான எனக்கு இது பளிச்சென்று புரிந்தது. பெரிய கணக்கைச் சின்னப் படிகளாக உடைத்துத் தருவதுதானே நானும் முப்பது வருடம் செய்தது!

ஃபெங்கர் இந்த வாத்தியங்களோடு எலெக்ட்ரிக் கிட்டாரையும் டிரம்ஸையும் சேர்த்துக்கொண்டார். 1976-லும் 1977-லும், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் சுமார் அறுபது பிள்ளைகளை நிறுத்தி, இரண்டு டிராக் மட்டுமே உள்ள டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். அவர்கள் பாடியவற்றில் ஒன்றான பீச் பாய்ஸின் 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டை, 1966-ல் பல மாதங்கள் பல ஸ்டுடியோக்களில் உழைத்துச் செய்திருந்தார்கள். இங்கே ஒரே கூடம். முழங்கும் சுவர்கள். அந்த முழக்கமே பதிவுக்கு ஏதோ கோயில் மண்டபத்தில் கேட்பது போன்ற குணத்தைக் கொடுத்துவிட்டது.

போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி' விண்வெளியில் தனியே போய்விடும் ஒருவனின் பாட்டு. பிள்ளைகள் அதில் எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு வருவதையும் அதன் பின் ஜால்ரா வெடிப்பதையும் கேட்டால் மயிர்க்கூச்செறியும். தாளம் கொஞ்சம் முன்னே பின்னே போகிறது. சில குரல்கள் சுருதியை விட்டு விலகுகின்றன. ஈகிள்ஸின் 'டெஸ்பராடோ'வை ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பியானோவோடு தனியாகப் பாடுகிறாள். எந்தச் சங்கதியும் இல்லை, அழகுபடுத்தல் இல்லை. நேராகப் பாடுகிறாள். நான் இரண்டு முறைதான் கேட்டேன். மூன்றாவது முறை கேட்கத் தைரியமில்லை.

இரண்டு எல்.பி. தட்டுகள் வந்தன. அவை கடைக்கான தட்டுகளல்ல. பாடிய பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்குமாகக் குறைந்த அளவில் அடித்தவை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், தட்டுகள் பரணுக்குப் போயின. 2000-ல் விக்டோரியா நகரின் பழைய பொருள் கடையொன்றில் ஒரு தட்டு ஒரு சேகரிப்பாளரின் கண்ணில் பட்டது. அவர் அதை அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் இர்வின் சூசிட்டுக்கு அனுப்பினார். அவருடைய முயற்சியால் 2001-ல் 'இன்னொசன்ஸ் அண்ட் டெஸ்பேர்' என்ற பெயரில் சி.டி.யாக வெளிவந்தது. போவியே மனம் திறந்து பாராட்டினார். கால் நூற்றாண்டு கழித்து, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளைத் தேடிப் புகழ் வந்தது.

இதோடு இன்னொரு பள்ளியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1979-ல் லண்டனின் இஸ்லிங்டன் கிரீன் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தவர் ஆலன் ரென்ஷா. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் பக்கத்திலிருந்த தங்கள் ஸ்டுடியோவில் ஒரு பாட்டுக்குப் பிள்ளைகளின் குரல் தேடினார்கள். ரென்ஷா இருபத்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அதுதான் 'அனதர் பிரிக் இன் தி வால்' பாட்டின் இரண்டாம் பாகம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. பாட்டோ, பள்ளிக்கூடத்தையும் வாத்தியார்களையும் எதிர்க்கும் பாட்டு! பள்ளி நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கு ஆயிரம் பவுண்டு கிடைத்தது. பிள்ளைகளுக்கு ராயல்டி கிடையாது. 2004-ல்தான் அன்றைய மாணவர்கள் சிலர் தங்கள் பங்கைக் கேட்டுப் புறப்பட்டார்கள். நடுவில், 1980-ல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் தங்களுக்கு விதிக்கப்பட்ட தாழ்ந்த தரக் கல்வியை எதிர்த்து அதைப் பாட, அந்த அரசு பாட்டையே தடை செய்தது. லண்டன் பிள்ளைகளின் குரலைக் கண்டு ஓர் அரசாங்கம் பயந்திருக்கிறது.

அந்தப் பிள்ளைகளும் பயிற்சி பெற்ற பாடகர்கள் அல்ல. ஆனால் அந்தக் குரல் பெரியவர்களின் பாட்டுக்குத் தேவைப்பட்டு, அதற்காகக் கூப்பிடப்பட்டது. லாங்லியில் அப்படியல்ல. அங்கே பாட்டு பிள்ளைகளுக்காக வந்தது. யாரும் விற்க நினைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, சுருதி விலகிய குரல்களை யாரும் வெளியே நிறுத்தவில்லை. ஒரு சின்ன வேலை கொடுத்து உள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

நான் வெளியே நிறுத்தினேன். அதுவும் வரிசையில் நிற்க வைத்துக்கொண்டே.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்தில் அந்தப் பையனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "என்னைத் தெரியுதுங்களா சார்? ஆண்டு விழாவுல உதட்டை மட்டும் அசைச்சேனே, அந்தப் பையன்" என்று சிரித்தான். அவன் சிரிப்பில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும், தன்னை அடையாளம் சொல்ல அவனுக்கு அதுதான் கிடைத்தது. நானும் சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

அன்று அவன் கையில் ஒரு ஜால்ராவைக் கொடுத்திருக்கலாம். இவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், உங்கள் வகுப்பில் சுருதி சேராமல் உரக்கப் பாடும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்கு ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்.