புணானை: கோறளைப்பற்றின் புகையிரதக் கிராமம்

புணானை, இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், பொலன்னறுவையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி வரும் பெருந்தெருவும் புகையிரதப் பாதையும் அடர்ந்த காட்டினூடே ஒன்றையொன்று அடுத்துச் செல்லும் இடத்தில் அமைந்த சிறு கிராமம். மேற்கே வெலிக்கந்தைக்கும் கிழக்கே வாழைச்சேனைக்கும் இடைப்பட்ட புகையிரத நிலையமே இதன் மையமாகும். இக்கிராமம் மட்டக்களப்பு மாவட்டத்தின் கோறளைப்பற்றுப் பிரிவைச் சேர்ந்தது. இவ்வூரின் சரித்திரம் நிலையத்திலிருந்தே தொடங்குவதாகக் கொள்ளல் தகும். அதற்கு முற்பட்ட காலத்தில் இது வழிநடையாக வந்தோர் அஞ்சி அஞ்சிக் கடந்துபோன ஒரு வனப் பிரதேசமாகவே பேசப்பட்டது.

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழ்ந்த மக்களுக்குக் கொழும்பு நெடுங்காலம் எட்டாத தூரமாகவே இருந்தது. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை முதலிய ஊர்களில் விளைந்த தேங்காயும், மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களில் விளைந்த நெல்லும், வாவியிலும் கடலிலும் பிடித்து உலர்த்திய கருவாடும் வெளியூர் சேர வேண்டுமாயின், தீவைச் சுற்றிவரும் கரையோரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அன்றேல் பொதி சுமக்கும் தவளமாடுகளிலும் வண்டிகளிலும் ஏற்றி, பதுளைத் தெருவாலோ புணானைக் காட்டுவழியாலோ பல நாட் பிரயாணமாகக் கொண்டு செல்ல வேண்டும். கூட்டங் கூட்டமாகச் செல்வதும், பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்வதும், இரவெல்லாம் தீ மூட்டிக் காவலிருப்பதும் அக்காலப் பிரயாணத்தின் வழக்கங்கள்.

இலங்கையின் முதற் புகைவண்டி 1864ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. கோப்பியையும் பின்னர் தேயிலையையும் மலைநாட்டிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதே அரசாங்கத்தின் முதற் கவலையாக இருந்தமையால், வடக்கு நோக்கிய பாதை யாழ்ப்பாணப் பிரதேசத்தை முழுமையாக இணைக்க 1905ஆம் ஆண்டாயிற்று. கிழக்கோ அதற்குப் பின்னும் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகக் காத்திருந்தது. வடபாதையில் உள்ள மாகோவிலிருந்து பிரிந்து, ஹபறணை வழியாகக் கல்ஓயாச் சந்திக்கு வந்து, அங்கிருந்து ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றொன்று மட்டக்களப்புக்கும் செல்லுமாறு வகுக்கப்பட்ட இப்பாதையில், திருகோணமலைக் கிளை 1927இலும் மட்டக்களப்புக் கிளை 1928இலும் திறக்கப்பட்டன. கடற்படைக்கு இன்றியமையாத திருகோணமலைத் துறைமுகமே இதற்கு மூலகாரணம் எனலாம்; கிழக்கின் நெற்களஞ்சியத்தை நாட்டுக்குத் திறந்துவிடும் நோக்கம் அதன்பின் வந்து சேர்ந்ததே.

ஐந்தடி ஆறங்குல அகலமுடைய ஒற்றைத் தண்டவாளப் பாதையாக இது அமைக்கப்பட்டது. மன்னம்பிட்டியில் மகாவலி கங்கைக்கும், ஓட்டமாவடியில் வாழைச்சேனை வாவிக்கும் மேலாக எழுந்த இரும்புப் பாலங்கள், செலவைக் குறைக்கும் பொருட்டோ என்னவோ, புகைவண்டிக்கும் தெருவாகனங்களுக்கும் பொதுவாகவே கட்டப்பட்டன. வண்டி வரும் நேரத்தில் மாட்டுவண்டிகளும், பிற்காலத்தில் லொறிகளும் பஸ்களும், இரு முனைகளிலும் வரிசையாக நின்று வழிவிடும் அக்காட்சி எண்பது ஆண்டுகள் வரை நீடித்தது. தெருவுக்கெனத் தனிப் பாலம் மன்னம்பிட்டியில் 2007இலும், ஓட்டமாவடியில் அதற்குச் சில ஆண்டுகள் பின்னருமே கிடைத்தது.

புணானையின் பெயரை உலகறியச் செய்தது புகையிரதமன்று, ஒரு சிறுத்தை. பாதை அமைக்கப்பட்ட அதே பத்தாண்டில், இக்காட்டுத் தெருவில் சென்றோரை ஒருவர்பின் ஒருவராகக் கொன்று தின்ற அவ்விலங்குக்கு இரையானோர் பன்னிருவருக்குக் குறையார். 1924ஆம் ஆண்டு கப்டன் ஷெல்டன் அகார் என்னும் ஆங்கில வேட்டைக்காரர், அதனால் மாண்ட ஒருவரது உடலின் அருகே காத்திருந்து அதனைச் சுட்டு வீழ்த்தினார். பதனிடப்பட்ட அதன் உடல் கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் வைக்கப்பட்டுப் பள்ளிச் சிறுவர் பல தலைமுறையினரை அச்சுறுத்தியது. சனங்கள் இதனைப் புணானைப் புலி என்றே வழங்கினும், இலங்கையில் வேங்கைப்புலி இல்லை. இத்தீவின் காடுகளுக்குச் சிறுத்தையே தலைமை விலங்கு. இந்தியச் சிறுத்தையினின்றும் வேறான உபசாதியாக இதனை 1956இல் வகுத்தவர், தேசிய அரும்பொருட்காட்சியகங்களின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல; அவர் இட்ட கொட்டியா என்ற பெயரையும் பிரிவையும் பிற்கால மரபணு ஆராய்ச்சியும் ஏற்றுக்கொண்டது. மனிதரை வேட்டையாடுவது இவ்வுபசாதிக்கு இயல்பன்று. இலங்கைச் சரித்திரத்தில் இத்தகைய சம்பவம் மிக அரிது என்பதனாலேயே புணானை விலங்கு இத்துணைப் பிரசித்தி பெற்றது. இலங்கையிற் பிறந்து கனடாவிற் குடியேறிய கிறிஸ்டோபர் ஒண்டாச்சி, தம் இளமைக்கால நினைவுகளையும் போர்க்கால இலங்கையில் தாம் செய்த பிரயாணத்தையும் இணைத்து எழுதி 1992இல் வெளியிட்ட நூலுக்கு இவ்விலங்கின் பெயரையே சூட்டினார். காடு வெட்டி, மண் சுமந்து, சிலிப்பர் கட்டைகளை இட்டுத் தண்டவாளம் பதித்த தொழிலாளர் பெயர்களுள் ஒன்றேனும் இவ்வாறு நூலேறவில்லை என்பதையும் இங்கே குறித்தல் நியாயமாகும்.

நிலையம் ஏற்பட்டபின், காட்டு நடுவே அமைந்த பிற புகையிரத நிலையங்களைப் போலவே, நிலைய அதிபரின் விடுதியும், பாதை பேணும் தொழிலாளரின் குடியிருப்புகளும், அவர்களை நம்பிய தேநீர்க் கடையுமே ஊரின் தொடக்கமாயின. கங்காணி ஒருவரின் கீழ் ஒரு குழுவினர் தமக்குரிய சில மைல் தூரத்தை நாள்தோறும் நடந்து, தளர்ந்த ஆணிகளை இறுக்கி, மழைநீர் அரித்த கற்களை நிரப்பி வந்தனர். ஒற்றைப் பாதையாதலின், அடுத்த நிலையத்தின் சம்மதமின்றி வண்டி புறப்படலாகாது. அச்சம்மதத்தின் அடையாளமான வட்டத் தகட்டை வளையம் கோத்த தோற்பையிலிட்டு, ஓடும் வண்டியின் சாரதியிடம் நிலைய உத்தியோகத்தர் கைமாற்றுவது காண்போருக்கு ஒரு வித்தையாகவே தோன்றும். 1950களில், பி. டி. ரம்பாலா புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளராகி, டீசல் இயந்திரங்களைப் பெருக்கி, நெடுந்தூர வண்டிகளுக்குப் பெயரிட்டு நடத்திய காலம் இலங்கைப் புகையிரதத்தின் பொற்காலம். மட்டக்களப்பு வண்டி உதயதேவி ஆயிற்று. 1956இல் வாழைச்சேனைக் காகித ஆலை தொழிற்படத் தொடங்கியதும் இப்பாதையின் முக்கியத்துவம் மேலும் உயர்ந்தது. செட்டிபாளையம் போன்ற எழுவான்கரை ஊராருக்கோ புகையிரதம் இன்றுவரை கல்லடிப் பாலங் கடந்து சென்று ஏறவேண்டிய ஒன்றாகவே இருக்கிறது. பாதையைக் கல்முனை வழியாகப் பொத்துவில் வரை நீட்டவேண்டும் என்னும் கோரிக்கை கோரிக்கையாகவே நிற்கிறது.

1957 டிசம்பர் வெள்ளமும் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும் மட்டக்களப்புப் பகுதியைச் சிதைத்துச் சென்றன. அவற்றினும் கொடியது உள்நாட்டுப் போர். தெருவும் தண்டவாளமும் இராணுவக் காவலரண்களுக்கு இடைப்பட்டவை ஆயின, குடிகள் பெயர்ந்தனர், மட்டக்களப்புக்கு வண்டியே ஓடாத ஆண்டுகளும் கழிந்தன. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த ஒப்பந்தத்தின் பின்னரே சேவை மீண்டது.

இங்குள்ள தனியார் உயர்கல்வி நிறுவனமொன்றின் கட்டடங்கள் 2020 மார்ச்சில் கொரோனாத் தனிமைப்படுத்தல் நிலையமாக்கப்பட்டபோது ஊரின் பெயர் மீண்டும் பத்திரிகைகளில் அடிபட்டது. இன்று பிரயாணிகளில் பெரும்பாலோர் இந்நிலையத்தைக் கடந்து செல்வோரேயன்றி இறங்குவோர் அல்லர். இரவில் காட்டினூடே ஓடும் வண்டிகள் யானைகளில் மோதுவது இப்பாதையின் தீராத இடர். மட்டக்களப்பிலிருந்து சென்ற மீனகயா கடுகதி 2025 பெப்ரவரி 20ஆம் திகதி கல்ஓயாவுக்கு அண்மையில் ஒரு யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டதில் ஆறு யானைகள் மாண்டன.