ஓடு திறந்தா மட்டி வெந்துடுச்சா? ஒரு வரலாற்று இழை

1/
பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம், கடலூர் முதுநகர் பக்கம் மட்டி தெரியாத வீடு குறைவு. கழுவி, பானையில போட்டு, மூடி வச்சா ஆவி கட்டுனதும் ஓடு திறக்கும். "திறந்துடுச்சு, இறக்கு"ம்பாங்க. இந்தப் பழக்கம் சரியா? பதில் தேடினா 200 வருஷத்துக்கு மேலான மருத்துவ வரலாறு கிடைக்குது. நீளமான இழைதான். மட்டி சாப்பிடுறவங்க முழுசா படிங்க.

2/
முதல்லயே சொல்லிடுறேன், இது "மட்டி சாப்பிடாதீங்க"ங்கிற இழை இல்ல. வெள்ளாறு, உப்பனாறு முகத்துவாரத்துச் சேத்துல கையால தடவியே மட்டி எடுக்கலாம். படகு வேணாம், டீசல் வேணாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை எகிறும். அப்போ ஏழை வீட்டுக்குப் புரதம் தர்றது இதுதான். அதனாலதான் இதை சரியா தெரிஞ்சுக்கணும்.

3/
மட்டி எப்படி சாப்பிடுது? தண்ணியை உள்ளே இழுத்து, செவுள்ல வடிகட்டி, நுண்ணிய பாசிகளைத் தின்னுட்டு தண்ணியை வெளியே விடும். நாள் முழுக்க இதே வேலை. ஆத்துல சாக்கடை கலந்தா கிருமி உள்ளே சேரும். நச்சுப்பாசி பெருகினா நஞ்சு உள்ளே சேரும். மட்டி பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆக நமக்கு எதிரி ரெண்டு.

4/
முதல் எதிரி கிருமி.
1988, சீனாவின் ஷாங்காய். அங்கே மட்டி வகை ஒன்றைக் கொதிநீர்ல லேசா வாட்டி, பாதி வெந்த நிலையிலேயே சாப்பிடுற வழக்கம். அந்த மட்டி கழிவுநீர் கலந்த இடத்துல எடுத்தது. சில வாரத்துக்குள்ள சுமார் 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை! காரணம் ஹெபடைடிஸ் ஏ வைரஸ். ஓடு திறந்திருந்தது, ஆனா வைரஸ் சாகல.

5/
இது முன்னாடியே தெரிஞ்ச விஷயம்தான். 1967-ல கோஃப், சியர் என்ற ரெண்டு டாக்டர்கள் மட்டியை ஆவியில வேக வச்சு, உள்சதையின் சூட்டை அளந்தாங்க. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு. ஓடு ஒரு நிமிஷத்துலயே திறந்துடுது. உள்சதை முழுசா சூடேற 4 முதல் 6 நிமிஷம் ஆகுது.

6/
ஏன்னா ஓட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கிற தசை, சூட்டுல சீக்கிரமே பிடியை விட்டுடும். வைரஸ் சாகணும்னா உள்சதை 85 முதல் 90 டிகிரியில குறைஞ்சது ஒன்றரை நிமிஷம் இருக்கணும். அதனால ஓடு திறந்த பிறகும் மூடி போட்டு இன்னும் 5 நிமிஷம் வேக விடுங்க. முதல் எதிரி காலி.

7/
ரெண்டாவது எதிரி நஞ்சு.
1793 ஜூன். கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்துக்கிட்டிருந்தாங்க. ஒரு காலையில சிலர் மட்டிக்கு உறவான கல்லுமேக்காய் சாப்பிட்டாங்க. உதடு, கை, கால் மரத்துப்போச்சு. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி சில மணி நேரத்துல இறந்துட்டார். அந்த இடத்துக்கு "விஷக் குடா"ன்னே பேர் வச்சாங்க.

8/
1927-ல சான் பிரான்சிஸ்கோ பகுதியில 102 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தாங்க. சோமர், மேயர் ஆகிய ஆய்வாளர்கள் பல வருஷம் துருவினாங்க. நஞ்சு கல்லுமேக்காயோடது இல்ல, அது தின்ன நுண்பாசியோடதுன்னு 1937-ல நிறுவினாங்க. அந்த நஞ்சுக்குப் பின்னாடி வந்த பேர் சாக்ஸிடாக்ஸின். அந்தப் பேரும் ஒரு மட்டி வகையின் அறிவியல் பேர்லேர்ந்து வந்ததுதான்.

9/
இது நரம்புல சோடியம் போற வாசலை அடைச்சிடும். தசைக்குக் கட்டளை போகாது. கடைசியில மூச்சுவிடுற தசையும் நின்னுடும். கொதிக்க வச்சாலும் அழியாது. மஞ்சள், புளி, பூண்டு எதுவும் முறிக்காது. ருசியிலயும் வாசனையிலயும் தெரியாது. கொஞ்சம் நஞ்சு வேக வச்ச தண்ணியில இறங்கும். அதனால சந்தேகம் இருந்தா அந்தச் சாறைக் குடிக்காதீங்க. ஆனா தண்ணியைக் கொட்டிட்டதால மட்டி பத்திரம்னும் நினைக்காதீங்க.

10/
"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை டாக்டர்"னு சொல்வீங்க. 1981-ல நம்ம தமிழ்நாட்டுலயே, கல்பாக்கம் பக்கத்து வயலூர்ல மட்டி சாப்பிட்ட 85 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. 3 பேர் இறந்தாங்க. நாம சாப்பிடுற அதே மட்டி இனம்! 1997-ல கேரளாவின் விழிஞ்ஞத்துல கல்லுமேக்காய் சாப்பிட்டு 7 பேர் இறந்தாங்க.

11/
அரசு ஆஸ்பத்திரியில ராத்திரி ஒருத்தர் கை கால் தளர்ந்து வந்தா, எங்களுக்கு முதல்ல கட்டுவிரியன் ஞாபகம்தான் வரும். அது கடிச்ச தடம்கூட தெரியாது. ஆனா மட்டி நஞ்சுல முதல்ல உதடும் நாக்கும் மரத்து, ஊசி குத்துற மாதிரி இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலேர்ந்து சில மணி நேரத்துக்குள்ள இது ஆரம்பிக்கும். "மட்டி சாப்பிட்டோம்"ங்கிற ஒரு வார்த்தை சிகிச்சையையே மாத்திடும். முறிவு மருந்து கிடையாது. ஆனா வென்டிலேட்டர்ல மூச்சைத் தாங்கிப் பிடிச்சா, நஞ்சு சிறுநீர்ல வெளியேறி ஆள் பிழைச்சுக்குவார்.

12/
வீட்டுல செய்ய வேண்டியது:
▪ சாக்கடை, ஆலைக் கழிவு கலக்கிற இடத்து மட்டி வேண்டாம். சிப்காட் பக்கத்து உப்பனாறு இதுல சேரும். ரசாயனமும் உலோகமும் கொதிச்சாலும் போகாது.
▪ தண்ணி நிறம் மாறினாலோ, மீன் செத்து மிதந்தாலோ எடுக்காதீங்க. நிறம் மாறாமலும் நஞ்சு இருக்கலாம்.
▪ வாய் பிளந்திருக்கிற மட்டியைத் தட்டிப் பாருங்க. மூடலைன்னா செத்தது, தூக்கிப் போடுங்க.
▪ உப்புத் தண்ணியில ஊற வச்சா மணல் போகும். கிருமியும் நஞ்சும் போகாது.
▪ பானையை ரொம்பத் திணிக்காதீங்க. ஓடு திறந்த பிறகு 5 நிமிஷம். திறக்காதது குப்பைக்கு.
▪ யாருக்காவது உதடு மரத்தா எல்லாரும் சாப்பிடுறதை நிறுத்துங்க. உடனே 108. மிச்ச மட்டியையும் கொண்டு வாங்க. அதே இடத்துல எடுத்த பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்க.

13/
1927-க்குப் பிறகு கலிபோர்னியா ஒரு பாடம் கத்துக்குச்சு. இன்னைக்கும் வருஷாவருஷம் மே 1 முதல் அக்டோபர் 31 வரை, அந்தக் கரையில பொதுமக்கள் கல்லுமேக்காய் எடுத்துச் சாப்பிடத் தடை இருக்கு. தண்ணியையும் மட்டியையும் சோதிச்சு எச்சரிக்கையும் விடுறாங்க. நம்ம வெள்ளாறு, உப்பனாறு கரையில "இந்த வாரம் மட்டி எடுக்காதீங்க"ன்னு ஒரு பலகைகூட நான் பார்த்ததில்ல. பரங்கிப்பேட்டையிலயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கு. படிச்ச ஆளுங்க பக்கத்துலயே இருக்காங்க. தண்ணியில என்ன இருக்குன்னு சேத்துல இறங்குற பெண்களுக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு ஏற்பாடுதான் இல்ல.

அடுப்புல 5 நிமிஷம் நம்ம பொறுப்பு. ஆத்தைச் சோதிச்சுச் சொல்றது அரசின் பொறுப்பு. ரெண்டையும் கேட்டு வாங்குவோம்.