ஜேன் மேன்ஸ்ஃபீல்ட்: ஒரு நட்சத்திரமும் ஓர் இரும்புத் தடுப்பும்

ஜேன் மேன்ஸ்ஃபீல்ட், 1950-களின் பிற்பாதியில் ஹாலிவுட் கவர்ச்சி நடிகைகளில் மர்லின் மன்றோவுக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்டவர். 1967 ஜூன் 29 அன்று, 34 வயதில், லூசியானா மாநிலத்தில் நடந்த கார் விபத்தில் இறந்தார். மூளைக்கு வேலை கொடுக்காத பொன்கூந்தல் அழகி என்றும், விபத்தில் தலை துண்டானவர் என்றும், லாரிகளின் பின்னால் இரும்புத் தடுப்பு வரக் காரணமானவர் என்றும் அவரைப் பற்றி இன்றும் சொல்லப்படுகிறது. முதல் இரண்டும் பொய். மூன்றாவதில் உண்மை கொஞ்சம்தான்.

பென்சில்வேனியாவின் பிரின் மார் நகரில் 1933 ஏப்ரல் 19 அன்று வெரா ஜேன் பால்மர் என்ற பெயரில் பிறந்தார். தந்தை ஹெர்பர்ட் பால்மர் வழக்கறிஞர். 1936-ல் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கார் ஓட்டிச் சென்றபோதே மாரடைப்பு வந்து இறந்தார். அப்போது ஜேனுக்கு மூன்று வயது. தாய் மறுமணம் செய்துகொள்ள, குடும்பம் டெக்சஸின் டல்லஸ் நகருக்குப் போனது. ஜேன் வயலினும் பியானோவும் கற்றார். 1950-ல் பால் மேன்ஸ்ஃபீல்டை மணந்தார். அந்த ஆண்டு இறுதிக்குள் மகள் ஜேன் மேரி பிறந்தாள். கைக்குழந்தையோடு கல்லூரிக்குப் போய் நாடகம் படித்த அவர், 1954-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார். மணவாழ்வு நிலைக்கவில்லை, கணவரின் குடும்பப் பெயரை மட்டும் கடைசிவரை வைத்துக்கொண்டார்.

அந்த நாளில் புதுமுக நடிகை பெயரெடுக்க ஒரு வழி இருந்தது. கடைத் திறப்பு, பொருட்காட்சி, ஊர்வலம் என்று எங்கெல்லாம் புகைப்படக்காரர் கூடுவாரோ அங்கெல்லாம் போய் நிற்பது; எந்த வணிகச் சங்கம் எந்தப் பட்டம் கொடுத்தாலும் நாடாவைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரிப்பது. மேன்ஸ்ஃபீல்ட் இதைத் தொழிலாகவே கற்றார். விளம்பரப் பல்பு, கேமரா விளக்கு என்று எதன் பெயரிலோ வந்த பட்டங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டார். ரோக்ஃபோர்ட் பாலாடைக்கட்டி அழகி என்ற ஒன்றை மட்டும், அந்தப் பெயர் காதுக்கு ஒவ்வவில்லை என்று மறுத்தார் என்பார்கள். 1955 ஜனவரியில் ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸில் ஜேன் ரஸ்ஸல் நடித்த ஒரு படத்துக்கு விளம்பர விழா நடந்தது. நாட்டின் பத்திரிகையாளர் பெரும்பாலோர் அங்கே இருந்தார்கள். படத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத மேன்ஸ்ஃபீல்ட் சிவப்பு நீச்சலுடையில் அங்கே தோன்ற, கேமராக்கள் கதாநாயகியை விட்டு இவர் பக்கம் திரும்பின. அடுத்த மாதம் பிளேபாய் இதழில் படம் வந்தது. வார்னர் பிரதர்ஸ் சிறு வேடங்கள் தந்தது.

அவரைத் தூக்கி நிறுத்தியது சினிமா அல்ல, நாடகம். ஜார்ஜ் ஆக்சல்ராட் எழுதிய 'வில் சக்ஸஸ் ஸ்பாயில் ராக் ஹன்ட்டர்?' 1955 அக்டோபரில் நியூயார்க்கின் பெலாஸ்கோ அரங்கில் தொடங்கி 444 முறை நடந்தது. ஹாலிவுட்டையே கிண்டல் செய்யும் அந்த நாடகத்தில் அவருக்கு ரீட்டா மார்லோ என்ற நட்சத்திர வேடம். அது மன்றோவைக் கேலி செய்யும் வேடம் என்பதைப் பார்த்தவர் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சண்டையிட்டுக்கொண்டு மன்றோ நியூயார்க்குக்கே குடிபெயர்ந்திருந்த நேரம் அது. மன்றோ இல்லாவிட்டாலும் எங்களால் சமாளிக்க முடியும் என்று காட்ட ஃபாக்ஸுக்கு ஒருவர் தேவைப்பட்டார். மேன்ஸ்ஃபீல்ட் 1956-ல் ஒப்பந்தமானது இப்படித்தான். அவருடைய ஏற்றமும் பின்னால் வந்த இறக்கமும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகின்றன.

கார்ட்டூன் படங்களிலிருந்து வந்த இயக்குநர் ஃபிராங்க் டாஷ்லினின் கையில் அவர் விழுந்தது நல்லதாகப் போயிற்று. 'தி கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்' (1956) படத்தில் அவர் தெருவில் நடந்து வர, ஐஸ் வண்டிக்காரரின் பனிக்கட்டி உருகி ஓடும், பால்காரர் கையில் இருக்கும் பாட்டிலில் பால் பொங்கி வழியும், ஒருவரின் மூக்குக்கண்ணாடி விரிசல் விடும். இந்தக் காட்சியில் கேலிக்கு ஆளாவது அவர் உடல் அல்ல, அதைப் பார்க்கும் கண்கள். கதையில் ரவுடிக் காதலன் அவரைப் பாடகியாக்கத் துடிக்கிறான். அவரோ சமைக்கவும் பிள்ளை பெறவும் ஆசைப்படுகிறார். லிட்டில் ரிச்சர்ட், ஃபாட்ஸ் டோமினோ, ஜீன் வின்சென்ட், எடி காக்ரன் ஆகியோர் இதே படத்தில் பாடித் தோன்றுகிறார்கள். இங்கிலாந்துச் சிறுவர்கள் ராக் அண்ட் ரோல் கலைஞர்களை வண்ணத்தில் கண்ட படங்களில் இது முக்கியமானது. 1957 ஜூலையில் பால் மெக்கார்ட்னி முதன்முதலாக ஜான் லெனனுக்குப் பாடிக் காட்டியது காக்ரன் இதில் பாடிய பாட்டைத்தான்.

அடுத்த ஆண்டு நாடகத்தையும் டாஷ்லின் படமாக்கினார். கதையை ஏறக்குறைய முழுதாக மாற்றிவிட்டார். தலைப்பும் மேன்ஸ்ஃபீல்டும் மட்டும் மிஞ்சினர். உதட்டுச் சாய விளம்பரத்துக்கு ஒரு நட்சத்திரத்தின் ஒப்புதலைத் தேடி அலையும் விளம்பர நிறுவன ஊழியரின் கதை அது. ஸ்டைன்பெக் நாவலைத் தழுவிய 'தி வேவர்ட் பஸ்' படமும் அதே 1957-ல் வந்தது. அதில் அவர் நடிப்பு அடக்கமானது. கோல்டன் குளோப் புதுமுக விருதும் அந்த ஆண்டில் கிடைத்தது. தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சிக்கு அழைத்தபோது அவர் வயலின் வாசித்தார். அது ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. அறிவாளி என்று தன்னைக் காட்டிக்கொள்ள அவர் செய்த முயற்சிகளையும் பத்திரிகைகள் விளம்பரத் தந்திரமாகவே எழுதின. அந்தப் பழக்கத்தைப் பத்திரிகைகளுக்கு ஏற்படுத்தியவரும் அவரே என்பதை மறுக்க முடியாது.

1957 ஏப்ரலில் சோஃபியா லோரனை வரவேற்க பாரமவுன்ட் நிறுவனம் பெவர்லி ஹில்ஸின் ரோமனாஃப் உணவகத்தில் விருந்து வைத்தது. கழுத்து மிக இறங்கிய உடையில் மேன்ஸ்ஃபீல்ட் வந்து அருகே உட்கார, லோரன் அந்த உடையை ஓரக்கண்ணால் நோக்கும் படம் உலகம் முழுக்க அச்சானது. மேன்ஸ்ஃபீல்டின் எந்தத் திரைப்படக் காட்சியையும்விட இதைப் பார்த்தவர்களே அதிகம்.

ஹங்கேரியில் பிறந்து 1955-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற மிக்கி ஹார்கிட்டையை 1958 ஜனவரியில் அவர் மணந்தார். சன்செட் பூலவார்டில் வாங்கிய பெரிய வீட்டை இளஞ்சிவப்பில் பூசி, இதய வடிவில் நீச்சல் குளம் கட்டினார்கள். 'பிங்க் பேலஸ்' என்று அது பெயர் பெற்றது. பிற்காலத்தில் அந்த வீட்டை வாங்கியவர் பாடகர் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க், 1936-ல் மதராஸில் பிறந்தவர். 2002-ல் வீடு கைமாறி இடிக்கப்பட்டது.

மன்றோ 1956-லேயே ஃபாக்ஸுக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் மேன்ஸ்ஃபீல்டுக்கென்று கதை தேடும் அவசியம் நிறுவனத்துக்கு இல்லை. பிரிட்டனுக்கும் இத்தாலிக்கும் அனுப்பி, தரம் குறைந்த படங்களில் நடிக்கவைத்தார்கள். 1962-ல் ஒப்பந்தம் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மன்றோவும் இறந்தார். 1963-ல் வந்த 'பிராமிஸஸ்! பிராமிஸஸ்!' படத்தில் அவர் ஆடையின்றித் தோன்றினார். பேசும் பட யுகத்தில் பெயர் பெற்ற அமெரிக்க நடிகை ஒருவர் கதாநாயகியாக நடித்த படத்தில் அப்படித் தோன்றியது அதுவே முதல் முறை. பல ஊர்களில் படம் தடை செய்யப்பட்டது. அந்தக் கோலத்தில் எடுத்த புகைப்படங்களை வெளியிட்டதற்காக பிளேபாய் ஆசிரியர் ஹியூ ஹெஃப்னர் சிகாகோவில் கைதானார். வருமானத்துக்கு இரவு விடுதி நிகழ்ச்சிகளே மிஞ்சின. ஹார்கிட்டையுடன் மணமுறிவு, இயக்குநர் மாட் சிம்பருடன் குறுகிய திருமணம், ஐந்து குழந்தைகள், மது என்று வாழ்க்கை அலைந்தது. 1966 நவம்பரில் கலிபோர்னியாவின் ஜங்கிள்லேண்ட் விலங்குப் பூங்காவில் மகன் ஜோல்டானைச் சிங்கம் தாக்கியது; பையன் பிழைத்தான்.

1967 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்து பிலாக்சி நகரில் கஸ் ஸ்டீவன்ஸ் நடத்திய விருந்து விடுதியில் அவருக்கு நிகழ்ச்சி. மறுநாள் காலை நியூ ஆர்லியன்ஸ் தொலைக்காட்சியில் ஒரு பேட்டி. 28-ஆம் தேதி இரவு நிகழ்ச்சி முடிந்ததும் ப்யூக் எலெக்ட்ரா காரில் கிளம்பினார்கள். முன் இருக்கையில் 20 வயது ஓட்டுநர், மேன்ஸ்ஃபீல்ட், அவருடைய வழக்கறிஞரும் அப்போதைய துணைவருமான சாம் பிராடி. பின்னால் ஹார்கிட்டை குடும்பப் பெயரைத் தாங்கிய மூன்று குழந்தைகள்: எட்டு வயது மிக்லோஸ், ஆறு வயது ஜோல்டான், மூன்று வயது மரிஷ்கா. மூவரும் உறக்கத்தில் இருந்தார்கள்.

சதுப்பு நிலத்தின் ஊடே செல்லும் 90-ஆம் எண் நெடுஞ்சாலையில் அதிகாலை சுமார் 2.25 மணிக்குக் கொசு மருந்து வண்டி ஒன்று புகை அடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் வந்த டிரெய்லர் லாரி வேகத்தைக் குறைத்தது. புகைமூட்டத்தில் லாரி கண்ணுக்குத் தெரியாமல் கார் அதன் பின்புறத்தில் மோதி அடியில் செருகிக்கொண்டது. மேற்கூரை பிய்ந்து போனது. முன்னால் இருந்த மூவரும் அங்கேயே இறந்தனர். குழந்தைகள் மூவரும் காயங்களோடு பிழைத்தார்கள்.

சம்பவ இடத்துப் புகைப்படங்களில் கார் அருகே பொன்னிறக் கூந்தல் கிடப்பது தெரிந்தது. தலை துண்டானது என்ற வதந்திக்கு அதுவே விதை. இறப்புச் சான்றிதழ் மண்டையோடு நொறுங்கி மேல்பகுதி பிய்ந்ததைச் சொல்கிறது. தலை துண்டானதாகச் சொல்லவில்லை. உடலை அடக்கத்துக்குத் தயார் செய்தவரும் வதந்தியை மறுத்தார். பென்சில்வேனியாவின் பென் ஆர்ஜில் ஊரில் அடக்கம் நடந்தது. கல்லறைக் கல் இதய வடிவிலானது. வதந்தி மட்டும் அடங்கவில்லை. நொறுங்கிய ப்யூக் கார் பின்னர் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒரு துயரச் சம்பவக் காட்சியகத்தில் கட்டணம் வாங்கிக் காட்டப்பட்டது. ஜே.ஜி. பல்லார்டின் 'கிராஷ்' (1973) நாவலும் இந்த விபத்தைப் பேசுகிறது.

இனி அந்த இரும்புத் தடுப்பு. காரின் முன்பகுதி மோதலின் வேகத்தைத் தானே நசுங்கித் தாங்கிக்கொள்ள வேண்டிய பகுதி. டிரெய்லரின் தளம் அதைவிட உயரத்தில் இருப்பதால் பானட் அடியில் நுழைந்துவிட, தளத்தின் விளிம்பு நேராகக் கண்ணாடியையும் அதன் பின்னால் இருப்பவர் தலையையும் தாக்குகிறது. இருக்கை வாரோ காற்றுப்பையோ இந்த இடத்தில் பெரிதாக உதவாது. இதைத் தடுக்கத் தளத்துக்குக் கீழே தொங்கும் குறுக்குக் கம்பியை அமெரிக்காவில் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்' என்கிறார்கள். அவர் இறந்தவுடன் சட்டம் வந்துவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. நடந்தது வேறு. 1953 முதலே அந்தக் கம்பி விதியில் இருந்தது; ஆனால் தரைக்கும் அதற்கும் இடையே 30 அங்குலம், அதாவது சுமார் 76 சென்டிமீட்டர் விட அந்த விதி அனுமதித்தது. கம்பி எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. விபத்துக்குப் பின் கடுமையான விதி முன்மொழியப்பட்டது. செலவு அதிகம், பலன் குறைவு என்று 1971-ல் அதைக் கைவிட்டார்கள். லாரித் தொழிலின் எதிர்ப்பும் இருந்தது. 22 அங்குல இடைவெளியும் வலிமைச் சோதனையும் கொண்ட விதி 1996-ல் வெளியாகி 1998 ஜனவரி முதல் புதிய டிரெய்லர்களுக்குக் கட்டாயமானது. விபத்து நடந்து அப்போது 30 ஆண்டுகள் கடந்திருந்தன. மணிக்கு 35 மைல் வேகத்தில் கார் மோதினாலும் தாங்கும்படி 2022-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. பக்கவாட்டுத் தடுப்பை அந்த விதியும் கட்டாயமாக்கவில்லை.

விபத்தில் பிழைத்த குழந்தைகளை மிக்கி ஹார்கிட்டையும் அவருடைய அடுத்த மனைவியும் வளர்த்தார்கள். 1980-ல் மேன்ஸ்ஃபீல்டின் கதை தொலைக்காட்சிப் படமானபோது ஹார்கிட்டையாக நடித்தவர், அப்போது இன்னும் திரை நட்சத்திரமாகாத ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். மரிஷ்கா ஹார்கிட்டை நடிகையாகி, 'லா அண்ட் ஆர்டர்' தொடரின் கிளையாக 1999-ல் தொடங்கிய தொடரில் காவல் அதிகாரி வேடத்தில் பெரும் புகழ் பெற்றார். தாயின் வழியில் போகக்கூடாது என்று நெடுங்காலம் ஒதுங்கியிருந்த அவர், 2025-ல் தாயைப் பற்றி ஆவணப்படம் ஒன்றை இயக்கினார். தன்னைப் பெற்ற தந்தை ஹார்கிட்டை அல்ல, பாடகர் நெல்சன் சார்டெல்லி என்பதையும் அதில் வெளிப்படுத்தினார். படம் கான் விழாவில் திரையிடப்பட்டது.

மேன்ஸ்ஃபீல்டை நடிகையாகப் பார்க்க விரும்புவோர் டாஷ்லினின் இரண்டு படங்களோடு தொடங்கலாம். அவற்றில் 'ராக் ஹன்ட்டர்' 2000-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.