பெட்டி மேல் ஏறிய மல்கோவா

சேலத்திலிருந்து அந்த மல்கோவா மாம்பழம் பஸ்ஸில்தான் வந்தது. வைக்கோல் சுற்றி மஞ்சள் பைக்குள் போட்டு, சிவகாசி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார் தோட்டக்காரர். ஐந்து கிலோ அட்டைப்பெட்டியின் மேலே ஒட்டும் தாளுக்கு நான் முன்பே ஒரு படம் செய்து போனில் அனுப்பியிருந்தேன். மஞ்சள் பழம், கன்னத்தில் சிவப்பு, காம்பை ஒட்டிப் பளபளவென்று ஒரு பச்சை இலை. அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பி வந்திருக்கிறார்.

"படம் அழகாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா இது எங்க பழம் இல்லீங்க. மாங்காய்க் காம்புல இலை ஏதுங்க?"

அவர் சொன்னது சரி. மாமரத்தில் பூங்கொத்து நின்ற நீண்ட காம்பில்தான் காய் தொங்குகிறது. இலைகள் அதற்கு மேலே கிளையோடு நின்றுவிடுகின்றன. ஆரஞ்சைப் பறித்தால் இலையும் கூட வருவதுண்டு. அந்த இலையைத்தான் லேபிள் போடுகிற நாங்கள் மாம்பழத்துக்கும் ஒட்டிக்கொண்டிருந்தோம். பையிலிருந்த பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, "இதைப் பார்த்துப் போடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அன்றைக்குத்தான் புதிய படம் தொடங்கியது.

ஜன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள் விரித்து, பழத்தை வைத்து, முதல் வேலையாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். பழம் நமக்காகக் காத்திருக்காது. வந்த அன்று பாதிக்கு மேல் பச்சையாக இருந்தது, மூன்றாம் நாள் மஞ்சளாகி அறை முழுக்க மணத்தது.

போட்டோஷாப்பில் ஓரம் எடுக்க ஆரம்பித்தபோதே தெரிந்தது, மல்கோவா உருண்டை இல்லை. ஒரு தோள் ஏறியும் மறு தோள் சரிந்தும் இருக்கிறது; காம்படியில் லேசாகத் தட்டை. கணினி தருகிற நீள்வட்டத்தில் தொடங்கினால் எந்த ஊர்ப் பழமும் வராது. பென் டூலால் ஒவ்வொரு புள்ளியாக வைத்து அந்தச் சரிவைப் பிடிக்க அரை நாள் ஆனது. அதன்மேல் மஞ்சள் ஒரு லேயர், அதாவது ஓர் அடுக்கு; பச்சை ஒரு லேயர், தோளில் படிந்த மங்கிய சிவப்பு ஒரு லேயர்.

இந்த லேயர் முறை எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1922-இல் எங்கள் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும் என்று சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்தது. கல்லில் அச்சடித்த லித்தோ காலத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். எந்த இடத்தில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து ஆரஞ்சாகும் என்பதைக் கல்லில் வரைகிறவர் மனக்கணக்காகவே போட்டுப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். போட்டோஷாப்பை அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்க, 1990-இல் அடோபி நிறுவனம் வெளியிட்டது. லேயர் வசதி அதற்கு 1994-இல்தான் வந்தது. கல்லில் வேலை செய்த கைகளுக்கு அந்த யோசனை அதற்கு வெகு முன்பே பழக்கம்.

அதிக நேரம் பிடித்தது புள்ளிகள். மல்கோவாத் தோலில் வெளிறிய சிறு புள்ளிகள் நிறைய உண்டு. பிரஷ்ஷை அதற்கென அமைத்து ஓர் இழுப்பு இழுத்தால் நூறு புள்ளிகள் விழும். விழுந்தன. பழம் புள்ளித் துணி சுற்றிய பந்தானது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உண்மைப் பழத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தேன். நமக்கு நேராக இருக்கும் புள்ளி வட்டம். ஓரத்துக்குப் போகப் போக அது ஒடுங்கி, நெருங்கி, விளிம்பில் வெறும் கீற்றாகிவிடுகிறது. பழம் வளைகிறது என்று கண்ணுக்குச் சொல்வது நிழலை விட இந்த ஒடுக்கம்தான். ஒவ்வொன்றாகக் கையால் வைத்தேன். ஒரு மதியம் முழுவதும் போயிற்று.

ஒளி விழுந்த இடத்தில் சுத்த வெள்ளை வைக்கவில்லை. ஆப்பிளின் மினுக்கம் மாம்பழத்துக்குக் கிடையாது. மாவு பூத்த மாதிரி மெழுகு படிந்த தோல் அது. வெளிர் எலுமிச்சை நிறத்தில் ஓரம் கரைந்த ஒரு திட்டுப் போதும். நிழலில் கருப்பைத் தொடவே கூடாது. தொட்டால் அந்த இடம் அழுகலாகத் தெரியும். மஞ்சளும் சிவப்பும் அடர்ந்த பழுப்புதான் நிழல். பழம் தாளில் உட்கார்ந்த இடத்தில் மட்டும் மெல்லிய இருண்ட கோடு. அதை ஒட்டி, பழத்தின் மஞ்சளே வெள்ளைத் தாளில் பட்டுத் தெறித்த சாயல். அந்தச் சாயலைச் சேர்த்த பிறகுதான் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்த பழம் கீழே உட்கார்ந்தது.

பழத்தை எதிரே வைத்து வரைவதை ஓர் அரசாங்கமே வேலையாகச் செய்திருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 1886 முதல் 1942 வரையிலான காலத்தில் ஓவியர்களை அமர்த்திப் பழங்களை நீர்வண்ணத்தில் வரையச் சொன்னது. 7,500-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். ஏறத்தாழப் பாதி ஆப்பிள். டெபோரா கிரிஸ்காம் பாஸ்மோர் என்ற பெண்மணி மட்டுமே ஆயிரத்துக்கு மேல் வரைந்தார். கலர் போட்டோ பரவாத காலம். எந்த ரகம் எது என்று விவசாயி அடையாளம் காண அந்தப் படங்கள் தேவைப்பட்டன. அதனால் புழு துளைத்த பழத்தையும் அழுகத் தொடங்கிய பழத்தையும்கூட அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். கணினியில் அவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

நம் பக்கத்தில் நடப்பது வருத்தம் தருகிறது. கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் பெருமளவில் போவது கிளிமூக்கு ரகம். அதன் வளைந்த மூக்கை நான் பார்த்த எந்த மாம்பழ பானத்தின் அட்டையிலும் கண்டதில்லை. மாம்பழ பானம் என்று விற்றால் உள்ளே குறைந்தது 10 சதவீதம் பழம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. வெளியே எந்த ரகத்தின் முகம் இருக்க வேண்டும் என்று சொல்ல விதி ஒன்றுமில்லை. கிளிமூக்கை விளைவித்தவருக்கு இது அநியாயம் என்பது என் முடிவு.

திரையில் முடிந்த மல்கோவா தாளுக்கு இறங்கியது இன்னொரு கண்டம். திரையில் நிறம் ஒளி, தாளில் நிறம் மை. அச்சுக்கு மாற்றியதுமே பழம் சோகை பிடித்த மாதிரி ஆனது. எண்களைப் பார்த்தால் பளிச்சென்று இருக்க வேண்டிய மஞ்சளில் 5 சதவீதம் நீலம் புகுந்திருந்தது. அதை எடுத்துவிட்டு மஞ்சள் 95, சிவப்பு 25 என்று வைத்ததும் உயிர் வந்தது. பச்சை முடிந்து சிவப்பு தொடங்குகிற இடத்தில் வேறொரு சிக்கல். இரண்டையும் நேராகக் கலந்தால் மண் நிறம் வந்துவிடும். நடுவே விரற்கடை அளவுக்குச் சுத்த மஞ்சளை விட்டேன். முதல் நாள் எடுத்த போட்டோவைத் திரும்பப் பார்த்தால் பழத்தின் தோலிலும் அங்கே அப்படியொரு மஞ்சள் பட்டை இருந்தது.

மிஷினிலிருந்து முதல் தாள் வந்ததும் மிஷின்காரர் லென்ஸை வைத்துப் பார்க்கச் சொன்னார். இஞ்சுக்கு 150 வரிசைப் புள்ளிகள். மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு. ஆரஞ்சு என்று ஒரு புள்ளிகூட அந்தத் தாளில் இல்லை. லென்ஸை எடுத்தால் மல்கோவா. பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். இன்றும் அந்த ஒரு நொடிக்கு மனசு துள்ளுகிறது.

தாள் அட்டையில் ஒட்டி, பெட்டியாக மடிந்து சேலம் போனது. தோட்டக்காரர் போனில் அதிகம் பேசவில்லை. "இப்ப எங்க பழமுங்க" என்றார்.

மாந்தோப்பு, கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லேபிள் போடக் கொடுக்கும்போது ஒரு பழத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். கனிந்தது வேண்டாம், மூன்று நாள் தாங்குகிற செங்காயாக இருக்கட்டும். இலை வேண்டாம், காம்பு இருக்கட்டும்.