தக்கரின் வாக்குமூலங்கள்

பிலிப் மெடோஸ் டெய்லர் தக்கர்களைப் பற்றி எழுதிய ஆங்கில நாவல் 1839இல் வெளிவந்தது. பரீட்சை விடைத்தாள் திருத்தக் கொழும்பு வந்து, வெள்ளவத்தையில் மச்சான் வீட்டில் தங்கியிருந்தபோது அதை வாசித்து முடித்தேன். வழிப்போக்கரோடு உறவாடி, சமயம் பார்த்து உருமால் துணியால் கழுத்தை நெரித்து, புதைத்துவிட்டுப் பொருளோடு போகும் கூட்டத்தின் கதை. அதைச் சொல்பவன் அமீர் அலி. 719 கொலைகளைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான். முஸ்லிம், பவானியையும் வணங்குகிறவன். வாசிக்கும் நமக்கு இங்கேதான் உறுத்துகிறது.

டெய்லர் ஹைதராபாத் நிஸாமின் சேவையில் இருந்து, பிடிபட்ட தக்கர்களை நேரில் விசாரித்தவர். அவருக்கு முன்பே வில்லியம் ஸ்லீமன் அவர்களின் குழூஉக்குறிகளையும் உரையாடல்களையும் 1836இல் நூலாக்கியிருந்தார். பவானியும் பாத்திமா நாயகியும் ஒருவரே என்று சில தக்கர்கள் சொன்னதும், வேறு சிலர் மறுத்ததும் அதில் உண்டு. வயிற்றுப்பாட்டுக்குக் கொன்றவர்களை மதத்துக்காகக் கொன்றவர்களாக்க இத்தகைய வரிகளே போதுமாயின.

கொலைகள் பொய்யல்ல. சாட்சிகள் காட்டிய இடங்களில் எலும்புகள் கிடைத்தன. ஆனால் பேசியவர்கள் யார்? தூக்கிலிருந்து தப்புவதற்காகக் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்த கைதிகள். பெஹ்ராம் 931 கொலைகளில் சம்பந்தப்பட்டவன் என்ற பெயர்பெற்ற கணக்கும் இப்படி வந்ததுதான். அவற்றில் அவன் கையால் நடந்தவை எத்தனை என்பது வேறு கதை.

1836ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தாலே ஆயுள் சிறை. அவன் சேர்ந்தது சட்டத்துக்கு முன்பா பின்பா என்ற பேச்சில்லை. குறிப்பிட்ட ஒரு கொலையைக் காட்ட வேண்டியதுமில்லை. 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக்கியது.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தைக் கடக்கும்போது இந்தச் சட்டம் நினைவில் வந்தது. 2019 ஏப்ரல் 21இல் ஸஹ்ரானின் கூட்டம் குண்டு வைத்த இடங்களில் அதுவும் ஒன்று. அன்று நாடெங்கும் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். கொன்றவர்களுக்கு நம்மிடம் எந்தச் சமாதானமும் இல்லை. அடுத்த மாதம், கப்பல் சுக்கான் படம் அச்சிட்ட ஆடை அணிந்த ஒரு முஸ்லிம் பெண், அது தர்மச்சக்கரம் என்று சொல்லப்பட்டுக் கைதானார்.

காட்டிக்கொடுத்த தக்கர்களுக்கும் விடுதலை கிடைக்கவில்லை. ஜபல்பூரில் காவலுக்குள்ளேயே கூடாரமும் கம்பளமும் நெய்துகொண்டிருந்தார்கள்.