கண்ணாடியின் மூலையில் இருப்பது

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார்க் கண்ணாடி மாட்டும் வேலைக்கு நான் வந்த காலத்தில் ‘ஒரிஜினலா, வெளிச் சரக்கா’ என்று கேட்டவர்கள் குறைவு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் கடையில் எது இருந்ததோ அதுதான் கண்ணாடி. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிய பீடிங் ரப்பரின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி வைத்து, ஒருவர் வெளியிலிருந்து தட்ட, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை உருவ, ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும்.

அந்தக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை ‘டஃபண்ட்’ எனப்படும் கடினமாக்கிய ஒற்றைக் கண்ணாடி. ஒரு கல் பட்டால் போதும், மொத்தக் கண்ணாடியும் நொடியில் வெளுத்துச் சாலையே தெரியாமல் போகும். பிறகு கல்கண்டு போல மடியில் கொட்டும். நெடுஞ்சாலையில் உடைந்து, எதிர்காற்றிலேயே ஓட்டி வந்து இறங்கிய டிரைவர்களின் சிவந்த கண்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இத்தனைக்கும் இதற்கு மாற்று எப்போதோ வந்துவிட்டது. பிரான்சில் எதுவார் பெனடிக்டஸ் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே செல்லுலாய்டை ஒட்டி 1909-இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண்வட்டங்களுக்கு அது பயன்பட்டது. செல்லுலாய்டு வெயிலில் மஞ்சளித்ததால் 1930-களில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் அந்த இடத்துக்கு வந்தது. இங்கே 1993-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். மூன்றாண்டு கழித்துத் தயாராகும் கார்களின் முன்கண்ணாடி இப்படி நடுவே படலம் ஒட்டிய ‘லேமினேட்டட்’ கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். என் தொழிலில் அதைவிட நல்ல மாற்றம் வேறில்லை.

‘கம்பெனி கண்ணாடி’ என்ற பேச்சு மாருதி பெருகிய பிறகு வளர்ந்தது. காருக்குக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையே கடைக்கும் செய்து அனுப்புவதுண்டு; அதில் கார் கம்பெனியின் சின்னம் மட்டும் இருக்காது. அதனால் மூலையைப் படியுங்கள் என்பேன். தயாரித்தவர் பெயரும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இல்லாத கண்ணாடியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. தலையை மெல்ல அசைத்தபடி அதன் வழியே ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். கம்பம் நெளிந்தால் இரவில் எதிர்வண்டி விளக்கும் நெளியும்.

இப்போது ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கேமரா வைத்த கார்கள் வருகின்றன. அவற்றுக்கு நான் ஒரிஜினலைத்தான் சொல்வேன்; கேமரா பிராக்கெட் இம்மி விலகினாலும் அது பார்க்கும் கோணம் மாறிவிடும். மாட்டியதும் கேமராவைச் சரிபார்த்து அமைக்க வேண்டும். கண்ணாடியை ஒட்டிய பசை காயும்வரை வண்டியை எடுக்கவும் கூடாது. பல கார்களில் பயணியின் ஏர்பேக் விரியும்போது சாய்வது இந்தக் கண்ணாடியின் மேல்தான்.